முதியவர்களின் மனநிலையை அளப்பது: புதிதாக வேலைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

இலங்கையின் கிழக்கில், கல்லடியிலிருந்து பொத்துவில் வரை, கரையோரத்திலும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும், முதியவர்களிடம் உளநலக் கேள்வித்தாளைக் கொண்டுபோய்க் கேட்கும் வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது. வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் சில இடங்கள் உதவலாம்.

மனசை எப்படி அளப்பது? இது என்ன சீனியா, பிரஷரா?

பிரஷரையே எடுத்துக்கொள்வோம். கிளினிக்கிற்கு வெயிலில் நடந்து வந்து உடனே கையை நீட்டினால் ஒரு எண் வரும். ஐந்து நிமிடம் கதிரையில் சாய்ந்து இருந்துவிட்டுப் பார்த்தால் வேறு எண் வரும். மெஷின் சரி, பார்த்த விதம்தான் மாறியிருக்கிறது. கேள்வித்தாளும் இப்படித்தான். ஆளின் நிலை மாறாமல் இருந்தால், இன்று நான் கேட்டாலும் பத்து நாள் கழித்து நீங்கள் கேட்டாலும் எண் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். அதைத்தான் நம்பகம் என்கிறோம். எண் சரியான விஷயத்தைத்தான் காட்டுகிறதா என்பது இன்னொரு கேள்வி. எப்போதும் பத்துக் கூட்டிக் காட்டும் மெஷினும் ஒரே மாதிரித்தான் காட்டிக்கொண்டிருக்கும், ஆனால் பிழையாக.

எந்தத் தாள் நல்லது? ஒன்றைச் சொல்லுங்கள்.

என்ன தெரிய வேண்டும் என்று முதலில் முடிவெடுங்கள். மனச்சோர்வு இருக்கக்கூடியவரைக் கண்டுபிடித்து வைத்தியரிடம் அனுப்ப வேண்டுமா, ஒரு கிராமத்து முதியவர்கள் பொதுவாக எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமா?

முதலாவதற்கு முதியோர் மனச்சோர்வு அளவை, சுருக்கமாக ஜிடிஎஸ். அமெரிக்காவில் யெசவேஜும் அவருடன் இருந்தவர்களும் 1980களின் தொடக்கத்தில் வயதானவர்களுக்கென்றே செய்தது. முதலில் 30 கேள்வி, 1986இல் 15 ஆகச் சுருக்கினார்கள். பதில் ஓம் அல்லது இல்லை, அவ்வளவுதான். நித்திரை, பசி போன்ற உடம்புக் கேள்விகளைக் கூடியவரை தவிர்த்திருக்கிறார்கள். எழுபது வயதில் நித்திரை குறைவதற்கு மனச்சோர்வுதான் காரணம் என்றில்லையே. வைத்தியர்கள் அதிகம் பயன்படுத்தும் பிஎச்கியூ-9 தாளில் நித்திரை, பசி, களை எல்லாம் இருக்கின்றன. சீனி வருத்தம் உள்ள ஒருவர் இரவில் நாலு தரம் எழும்பிப் போவது அங்கே புள்ளியாக ஏறிவிடும்.

இரண்டாவதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விச் சுட்டி, 1998இல் வந்தது. கடந்த இரண்டு கிழமை பற்றி ஐந்து வசனம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. மொத்தம் 25 வரும், அதை நாலால் பெருக்கினால் 100க்கு எத்தனை என்று கிடைக்கும். 50 அல்லது அதற்குக் கீழ் என்றால் கவனமாகப் பார்க்க வேண்டும். இதில் துக்கம் பற்றி ஒரு வசனமும் இல்லை, நல்ல மனநிலையை மட்டுமே கேட்கிறது. கவலையைக் கேட்டால் வாயை மூடிக்கொள்ளும் எங்கள் ஆட்களுக்கு அது தோது. காலையில் புத்துணர்ச்சியோடு எழும்பினீர்களா என்ற வசனம் மட்டும் மேலே சொன்ன சீனிக்காரரை இங்கேயும் மாட்டிவிடும்.

என் பழக்கம்: எல்லோரிடமும் ஐந்து கேள்வி, எண் குறைந்தவரிடம் பிறகு பதினைந்து. இரண்டுமே நோயைத் தீர்மானிக்கும் தாள்கள் அல்ல. அது வைத்தியரின் வேலை.

தமிழ்த் தாள் இந்தியாவிலிருந்து கிடைத்தது. தமிழ் தமிழ்தானே, அப்படியே கேட்கலாமா?

வேண்டாம். இதற்கு நான் பட்டது ஒன்று இருக்கிறது.

ஒருமுறை எங்கள் கைக்கு வந்த தாளில் "கடந்த இரண்டு வாரங்களில் வருத்தமாக இருந்தீர்களா?" என்று இருந்தது. செங்கலடிப் பக்கத்தில் ஒரு ஐயாவிடம் அதை அப்படியே வாசித்தேன். "ஓம் மகள், இருந்தது" என்று எழும்பி உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் கிளினிக் கொப்பியும் ஒரு பொலித்தீன் பையில் குளிசைகளும். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து, இது பிரஷருக்கு, இது கொழுப்புக்கு, இது ராவைக்குப் போடுறது என்று விளக்கினார். எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். அந்தத் தாளில் அதுவரை "ஓம்" என்று குறித்த எல்லாம் கவலையா, காய்ச்சலா என்று சொல்ல வழியில்லாமல் போனது.

யோசனையும் அப்படித்தான். இங்கே "யோசிக்காதீங்க" என்றால் கவலைப்படாதீர்கள் என்று பொருள். "நன்றாக யோசிக்க முடிகிறதா?" என்று நினைவாற்றலைச் சோதிக்கப் போனால், "ராவு பகலா அதுதானே மகள் வேலை" என்று பதில் வரும். "உதவியற்ற நிலை" என்று எழுதியிருப்பதும் யாருக்கும் விளங்காது. "ஏலாது" என்று மாற்றினால் உடம்பு ஏலாதா, மனசு ஏலாதா என்று திரும்பக் கேட்பார்கள். அந்த இடத்தில் நாங்கள் இப்போது "என்ன செய்யிறதென்றே தெரியாமல் கை விட்டமாதிரி" என்று வைத்திருக்கிறோம்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஒருவர், தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்கு இன்னொருவர் என்று சரிபார்ப்பது வழக்கம். நல்ல முறைதான், ஆனால் இந்த ஓட்டையை அடைக்காது. திரும்ப மொழிபெயர்ப்பவர் படித்தவர். வருத்தத்தைக் கவலை என்றே எழுதிவிடுவார், தாள் பாஸாகிவிடும். அதனால் ஏறாவூரில் நாலு பேர், திருக்கோவிலில் நாலு பேர், கொக்கட்டிச்சோலைப் பக்கம் நாலு பேர் என்று பிடித்து, கேள்வியை வாசித்துவிட்டு "இதில என்ன கேட்கிறம் என்று உங்கட வாயால சொல்லுங்க" என்று கேளுங்கள். ஒரு நாள் வேலை. ஒரு வருட வேலையைக் காப்பாற்றும்.

"சந்தோசமா இருக்கிறீங்களா?" என்றால் ஏன் முகத்தைச் சுளிக்கிறார்கள்?

கணவனைப் பறிகொடுத்த ஒரு அம்மாவுக்கு அந்தக் கேள்வியே ஒரு மாதிரித்தான் படும். ஓம் என்று சொன்னால் ஊர் என்ன நினைக்கும்? காணாமல் போன மகனின் படம் சுவரில் தொங்கும் வீட்டில் அதைக் கேட்கவே எனக்கு நாக்கு எழும்பாது. எங்கள் முதியவர்கள் தேடுவது நிம்மதி. "மனசு நிம்மதியா இருந்ததா?" என்றால் உடனே பதில் வரும், நீளமாகவும் வரும். ஐந்து கேள்விச் சுட்டியில் அமைதி பற்றிய வசனம் தனியாக இருப்பதால் அங்கே நிம்மதி அழகாகப் பொருந்தும். அதற்காக உற்சாகம் பற்றிய வசனத்தையும் நிம்மதி என்று மாற்றிவிடாதீர்கள். இரண்டு வசனம் ஒன்றாகிவிடும்.

இன்னொன்று: காத்தான்குடியிலோ நிந்தவூரிலோ எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "அல்ஹம்துலில்லாஹ்" என்பார்கள். திருக்கோவிலில் "ஏதோ கடவுள் விட்ட வழி" என்பார்கள். இரண்டும் மரியாதைச் சொல், புள்ளி போட முடியாது. கொஞ்சம் பொறுத்து, "இந்த இரண்டு கிழமைக்குள்ள எத்தனை நாள் அப்படி இருந்தது?" என்று நாளைக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டுகிறார்.

வீட்டுக்கு வந்த பிள்ளையை மறுத்துப் பேசக் கூடாது என்ற நல்ல குணம்தான். ஜிடிஎஸ் 15 கேள்வியில் 10க்கு ஓம் என்றால் புள்ளி, 5க்கு இல்லை என்றால் புள்ளி. ஆகவே எல்லாவற்றுக்கும் ஓம் என்பவர் 10 வாங்குவார், எல்லாவற்றுக்கும் இல்லை என்பவர் 5 வாங்குவார். 5க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கமான கோடு. மரியாதைக்குத் தலையாட்டிய மனிதர் மனச்சோர்வுக்காரராகப் பதிவாகிவிடுவார்! கூட்டிய எண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியாது, பதினைந்து பதிலையும் வரிசையாகப் பாருங்கள்.

எதிர்மறையாகக் கேட்பதையும் விடுங்கள். "நீங்கள் தனிமையாக உணரவில்லையா?" என்பதற்கு வரும் "ஓம்" எந்தப் பக்கம் என்று கேட்டவருக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது.

"வெளியே போவதைவிட வீட்டிலேயே இருப்பது விருப்பமா?" என்ற கேள்விக்கு எல்லோரும் ஓம் என்கிறார்களே?

ஓம், அது ஜிடிஎஸ் தாளில் ஒன்பதாவது. முழங்கால் நோ, ஆட்டோக் காசு, மதிய வெயில், கணவன் மௌத்தான பிறகு வெளியே போகாமல் இத்தா இருக்கும் பெண், யார் வருவார்கள் என்று படலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அம்மம்மா, எல்லோருக்கும் ஒரே பதில்தான். கேள்வியை வெட்டாதீர்கள், வெட்டினால் மற்ற இடங்களோடு ஒப்பிட முடியாது. காரணத்தை ஓரத்தில் எழுதிவையுங்கள். கெட்டது ஏதோ நடக்கப்போகிறது என்று பயமா என்ற கேள்வியும் இப்படித்தான். கடலைப் பார்த்து வீடு உள்ளவருக்கு அந்தப் பயம் வெறும் நோய்க்குறி இல்லை.

பக்கத்தில் மகள் இருக்கிறார். எழும்பிப் போகச் சொல்வது எப்படி?

சொல்ல வேண்டாம், வேலை கொடுங்கள். இரண்டு பேராகப் போவது அதற்குத்தான். ஒருவர் மகளைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய் வீட்டு விபரத் தாளை நிரப்பட்டும்.

இது ஏன் முக்கியம் என்றால், எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். எழுதிக் கொடுத்த பிறகு தாய் அதே வீட்டில், இல்லாவிட்டால் வளவுக்குள் ஒரு சின்ன அறையில் இருப்பார். வாழ்க்கை திருப்தியா என்று மகளுக்கு முன்னால் கேட்டால், அது மகளையும் மருமகனையும் பற்றிக் கேட்பது போலாகிவிடும். "ஒரு குறையும் இல்லை" என்பதைத் தவிர அந்த அம்மா வேறு என்ன சொல்வார்?

காது கேட்காதவரிடம் கத்தினால் பக்கத்து வளவுக்கும் கேட்கும். வயதில் முதலில் போவது உயர்ந்த சுருதிகள்தான், அதனால் கத்துவதைவிடக் குரலைத் தாழ்த்தி, மெதுவாக, முகத்தில் வெளிச்சம் விழும்படி இருந்து கதைத்தால் நன்றாகப் பிடிபடும். நல்ல காது எது என்று முதலே கேட்டு அந்தப் பக்கம் கதிரையைப் போடுங்கள்.

"இதை நிரப்பினா என்ன தருவீங்க?" என்று கேட்கிறார்களே?

கேட்கத்தான் செய்வார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் படிவம் நிரப்பாத வீடு அருமை. படிவத்துக்குப் பின்னால் தகரம் வந்தது, சட்டி பானை வந்தது, சிலருக்கு வீடே வந்தது. அதற்கு முந்திய யுத்த வருடங்களில், யாராவது வீட்டுக்கு வந்து பெயரை எழுதிக்கொண்டு போனால் அந்த இரவு நித்திரை இல்லை. இரண்டையும் பார்த்தவர்கள்தான் இன்று எழுபது வயதில் உங்கள் முன்னால் இருக்கிறார்கள். ஒருவர் உதவி வரும் என்று கஷ்டத்தைக் கூட்டிச் சொல்வார். இன்னொருவர் வம்பு வேண்டாம் என்று எல்லாம் நல்லம் என்பார். கேள்வி ஒன்றுதான், பேப்பர் மீதுள்ள நினைவு வேறு. நம்பகத்தைக் கெடுக்கும் காரணங்களில் எங்கள் பக்கத்தில் இதைத்தான் முதலாவதாகச் சொல்வேன். புத்தகங்களில் இதற்கு அவ்வளவு இடமில்லை.

என்ன செய்யலாம்? இதனால் கொடுப்பனவு கூடாது, குறையாது என்று முதலே சொல்லிவிடுங்கள். கிராம சேவகரோடு சேர்ந்து போகாதீர்கள். கொடுப்பனவு எடுக்க வந்த வரிசையில் வைத்துக் கேட்காதீர்கள். தாளில் பெயருக்குப் பதில் இலக்கம் போடுங்கள், அதை அவர் கண்ணால் காணட்டும்.

"பாதிக்கும் மேற்பட்ட நேரம்", "பாதிக்கும் குறைவான நேரம்", "சில நேரம்" என்று ஐந்து கேள்விச் சுட்டியின் தெரிவுகளை வாசித்தால் குழம்பிப்போகிறார்கள்.

எனக்கே குழம்பும். நாங்கள் 14 புளியங்கொட்டை கொண்டுபோகிறோம். "இது போன வெள்ளிக்கு முந்திய வெள்ளியிலிருந்து இன்றைக்கு வரைக்கும் உள்ள நாள். மனசு நிம்மதியா இருந்த நாளை இந்தப் பக்கம் தள்ளுங்க." மருதமுனையில் ஒரு மூத்தம்மா ஒன்பதைத் தள்ளினார். பிறகு பத்தாவதை விரலுக்குக் கீழே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். "செவ்வாய்க்கிழமை. பின்னேரம் வரைக்கும் நல்லம்" என்று சொல்லிவிட்டு அதைத் திரும்ப இழுத்துக்கொண்டார். அந்த அளவுக்குத் துல்லியமான பதிலை வாசித்துக் காட்டும் தெரிவுகளிலிருந்து நான் ஒருநாளும் எடுத்ததில்லை.

ஆனால் ஒரு விஷயம். கொட்டை வைத்தால் எல்லோருக்கும் வைக்க வேண்டும், முதல் தரமும் மூன்றாம் தரமும். பாதிப் பேருக்கு வாய்ச்சொல், பாதிப் பேருக்குக் கொட்டை என்றால் நீங்கள் அளந்தது கொட்டையைத்தான்.

பத்துப் படி ஏணி காட்டி "எந்தப் படியில் நிற்கிறீங்க?" என்று கேட்கலாமா?

கன்ட்ரில் ஏணி என்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். இங்கே ஒரு அப்பச்சி படத்தைப் பார்த்துவிட்டு "முழங்கால் ஏலாது தம்பி, நான் கீழேயே நிற்கிறன்" என்றார். பிறகு நாங்கள் அதை எடுக்கவில்லை.

டிசம்பரில் ஒரு தரம், ஜூனில் ஒரு தரம் எடுத்து ஒப்பிட்டால் போதுமா?

மோசமான ஒப்பீடு. எங்களுக்கு மழை பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஜனவரி வரை கொட்டுகிறது. படுவான்கரைப் பாதைகளில் வெள்ளம், வேலை இல்லை, அதற்குள் 26ஆம் திகதி நினைவுநாள் வேறு. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடை, கையில் காசு. வைகாசியில் கண்ணகியம்மன் சடங்கு, பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். நோன்பு வருடத்துக்குப் பதினொரு நாள் அளவில் முன்னே நகரும். டிசம்பருக்கும் ஜூனுக்கும் நடுவில் நீங்கள் நடத்திய திட்டம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் எண் ஏறக்கூடும். அடுத்த வருடம் அதே மாதம் எடுங்கள், இல்லாவிட்டால் திட்டம் இல்லாத இன்னொரு கிராமத்திலும் இரண்டு தரமும் எடுங்கள்.

அன்றைய மழை, வெயில் பற்றி அவ்வளவு பயப்படத் தேவையில்லை. 1983இல் ஷ்வார்ஸ், க்ளோர் இருவரும் செய்த ஆய்வில், மழை நாளில் தொலைபேசியில் கேட்டபோது மக்கள் வாழ்க்கைத் திருப்தியைக் குறைத்துச் சொன்னார்கள். முதலில் காலநிலையை விசாரித்துவிட்டுக் கேட்டபோது அந்த வித்தியாசம் மறைந்தது. பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் காலநிலையின் தாக்கம் மிகச் சிறிதாகவே தெரிந்தது. தூறல் வேறு, வீட்டுக்குள் வெள்ளம் வருவது வேறு.

ஐந்து கேள்விச் சுட்டியில் ஒருவருக்கு முதலில் 48, மூன்று மாதத்தில் 56. முன்னேற்றம் என்று எழுதலாமா?

பொறுங்கள். அந்தச் சுட்டியில் 48 என்பது 12, 56 என்பது 14. மொத்தத்தில் இரண்டு படி ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். பொதுவாக 10 புள்ளியாவது மாறினால்தான் மாற்றம் என்று எடுப்பார்கள்.

கணக்காகவும் பார்க்கலாம். உங்கள் ஊர் எண்களின் நியம விலகல், அதாவது அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது, 20 என்றும், மீள்பரிசோதனை நம்பகம், அதாவது திரும்பக் கேட்டால் எண்கள் எவ்வளவு ஒத்துவருகின்றன என்பது, 0.84 என்றும் வைப்போம். 1இலிருந்து 0.84ஐக் கழித்தால் 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, அதை 20ஆல் பெருக்கினால் 8. ஒரு எண்ணிலேயே 8 புள்ளி தடுமாற்றம் சாதாரணம். இரண்டு எண்ணின் வித்தியாசத்தில் அது 11 ஆகிவிடும். ஒரு தனி ஆளின் 8 புள்ளி ஏற்றத்துக்குக் கைதட்ட முடியாது. 100 பேரின் சராசரியில் இந்தத் தடுமாற்றம் பத்தில் ஒரு பங்காகக் குறைவதால், அங்கே 8 புள்ளி பெரிய செய்தி.

இன்னொரு பொறி இருக்கிறது. எண் குறைந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து மறுபடி அளந்தால், ஒன்றும் செய்யாமலே சராசரி ஏறும். அந்த நாள் மோசமாக இருந்ததால் குறைந்தவர்களும் அதற்குள் இருப்பார்கள், மறுகா அவர்கள் தங்கள் வழக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள். திட்ட அறிக்கைகளில் நான் கண்ட பாதி வெற்றிக்கதை இதுதான் என்று சந்தேகம்.

குரொன்பாக் அல்பா 0.7க்கு மேல் வந்தால் போதும்தானே?

அல்பா சொல்வது கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டும். ஐந்து வசனமும் நல்லதையே கேட்கும் தாளில், மரியாதைக்கு உயர்த்திச் சொல்பவர்கள் எல்லாவற்றையும் உயர்த்துவார்கள், மற்றவர்கள் உயர்த்த மாட்டார்கள், அல்பா அழகாக ஏறும். இருபது, முப்பது பேரிடம் பத்து நாள் கழித்துத் திரும்பப் போங்கள். அலுப்பான வேலை, ஆனால் அதைத்தான் நான் நம்புவேன்.

மறதி வருத்தம் உள்ளவரை விட்டுவிடலாமா?

ஆரம்ப நிலை என்றால் அவரிடமே கேளுங்கள், பலர் நன்றாகவே சொல்வார்கள். கூடிவிட்டால் 1988இல் வந்த கோர்னெல் அளவை இருக்கிறது: 19 விடயம், பார்த்துக்கொள்பவரிடம் விசாரித்து, ஆளையும் நேரில் பார்த்துப் போடுவது. பார்த்துக்கொள்பவர்கள் பொதுவாக முதியவரின் நலத்தை அவரே சொல்வதைவிடக் குறைத்தே சொல்வார்கள். தாயைத் தூக்கிக் குளிப்பாட்டி நாரி முறிந்த மகளின் களையும் அந்த எண்ணில் கலந்துவிடும். யார் சொன்ன பதில் என்று தாளில் எழுதாமல் வராதீர்கள்.

வயது போனால் கவலை வழக்கம்தானே, எண் குறைந்தால் என்ன?

வழக்கம் இல்லை. வயதானவர்கள் இளையவர்களைவிடக் கெட்ட உணர்ச்சிகளைக் குறைவாகவே சொல்கிறார்கள் என்று லோரா கார்ஸ்டென்சன் உட்படப் பலரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மிச்சமுள்ள காலம் குறைவு என்று தெரியும்போது மனிதர் வேண்டியவர்களோடும் வேண்டியதோடும் மட்டும் நிற்கிறார் என்பது அவருடைய விளக்கம். ஆகவே ஐந்து கேள்விச் சுட்டியில் 30 வாங்கிய எண்பது வயதுக்காரரை வயசுக்கோளாறு என்று ஒதுக்காதீர்கள்.

"போய்ச் சேர்ந்தால் போதும்" என்கிறார். தாளில் என்ன போடுவது?

"ஆண்டவன் எப்ப கூப்பிடுறானோ", "நல்ல மௌத்தாக் கிடைக்கணும்" என்பவை இந்த வயதில் பிரார்த்தனை. சொல்லும்போது முகம் தெளிவாகவே இருக்கும், அடுத்த வசனம் பேரப்பிள்ளையின் சோதனை பற்றியதாக இருக்கும். "நான் இருந்து என்ன, பிள்ளைகளுக்குப் பாரம்" என்பது வேறு. குளிசையைச் சேர்த்து வைப்பது, நகையைத் திடீரென்று பங்கிட்டுக் கொடுப்பது வேறு. ஊகிக்க வேண்டாம், நேராகக் கேளுங்கள்: "உயிரை நீங்களே முடிச்சுக்கொள்ளலாம் என்று எண்ணம் வந்ததா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

ஓம் என்றால் அங்கேயே தாளை மூடுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள், அவர் நம்பும் ஒருவரைக் கூப்பிடுங்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒழுங்கு செய்யுங்கள். வயல் செய்யும் வீடென்றால் பூச்சிமருந்துப் போத்தல் எங்கே இருக்கிறது என்று பார்த்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. ஜிடிஎஸ் மொத்தப் புள்ளி 3ஆக இருந்தாலும் இதுதான் வழி.

தேத்தண்ணி தந்தால் குடிக்கலாமா?

குடியுங்கள், ஆனால் தாள் முடிந்த பிறகு. நடுவில் குடித்தால் நீங்கள் விருந்தாளி ஆகிவிடுவீர்கள், விருந்தாளிக்கு யாரும் குறை சொல்வதில்லை. பேனையை மூடிவைத்த பிறகுதான் பலர் கதைக்கத் தொடங்குவார்கள். "ஒரு குறையும் இல்லை" என்று பதினைந்துக்கும் பதில் சொல்லிவிட்டு, படலை வரைக்கும் கூட வந்து, "மூத்தவன் போன் எடுத்து ஆறு மாதம் மகள்" என்பார்கள். அதற்காகத் தாளை விரித்துப் புள்ளியை மாற்றக் கூடாது. மற்ற எல்லோருக்கும் படலையடிக் கதை சேராமல் இவருக்கு மட்டும் சேர்ந்தால் எண் கெட்டுவிடும். கேட்டுக்கொண்டு நில்லுங்கள், சந்திக்கு வந்ததும் கொப்பியில் தனியாக எழுதுங்கள்.